வீட்டுக்குள் மழை

ஆயர் ஈத்தாம், பினாங்கு
10 செப்டம்பர் 2023

அன்புத் தங்கை சவுந்தரத்துக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே நான், கிளாடிஸ், நடாஷா மூவரும் நலம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? முப்பது வருடம் முழந்தாளிட்ட முட்டி. இனி கொஞ்சம் உட்கார்ந்து ஜெபித்தால் கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போன கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய். உங்கள் மடத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த அந்த வயதான சகோதரி இறந்த பிறகு, சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அதனால் அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்குத்தான் போன் கிடையாது, வெளியே வரவும் கூடாது. ஆகவே இன்டர்நெட்டுக்குத் தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன்.

காலையில் ஃபெர்ரியில் அக்கரையில் இருக்கும் பிறைக்கு வேலைக்குப் போகும்போது, மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு போனில் கேலிப்படம் பார்ப்பதுதான் இப்போது எனக்குப் பொழுதுபோக்கு. இத்துடன் மூன்று வைத்திருக்கிறேன். முதலாவது, பழைய காலத்து ஜெபப் புத்தகம் ஒன்றின் ஓரத்தில் எவனோ வரைந்த படம். கவசம் போட்ட போர்வீரன் ஒரு நத்தையோடு சண்டை போடுகிறான். நத்தைதான் ஜெயிக்கும் போலிருக்கிறது. ஜெபம் எழுத உட்கார்ந்தவன் பார்த்த வேலையைப் பார். இரண்டாவது, கோப்பிக்கடை நடத்தும் ஒரு பூனை. யார் என்ன கேட்டாலும் தராது.

மூன்றாவதுதான் என் கண்டுபிடிப்பு. என் கீழ் வேலை செய்யும் ஹாஃபிஸ் காட்டினான். மலாயில் பெயர் வைத்திருக்கிறார்கள், வீட்டுக்குள் மழை என்று அர்த்தம். ஒரு அடுக்குமாடி வீடு. அம்மா குசினியில் மீன் பொரிக்கிறாள், மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். கீழே மோட்டார் சத்தம் கேட்டதும் கூரைக்கடியில் சின்ன மேகம் ஒன்று கூடுகிறது. இரண்டு பேரும் ஆளுக்கொரு குடையை விரித்துக்கொண்டு அவரவர் வேலையைத் தொடர்கிறார்கள். கதவு திறக்கிறது. வந்தவனின் பூட்ஸ் மட்டும் தெரிகிறது, வீட்டுக்குள் மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. வசனமே கிடையாது. நான் ஃபெர்ரியில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வரைகிறவர் பெயர் போடுவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே நான் தவறாமல் சிரிப்புமுகம் போட்டுவிடுகிறேன்.

கலரில் அச்சடித்துக் கொடுத்தது நடாஷா. டவுனில் அச்சுக்கடையில்தான் இன்னும் வேலை செய்கிறாள். இருபத்திரண்டு வயதாகிறது, வீட்டில் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருப்பாள். ஆனால் இந்தப் படத்தைக் காட்டினால் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்க்கிறாள்.

கிளாடிஸ் உன்னை விசாரித்தாள். பதில் போடு.

உன் அண்ணன்,
இராயப்பன்

•

மடம்
2 அக்டோபர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

இறைவனின் சமாதானம் உங்கள் வீட்டில் இருப்பதாக. நான் நலம். முட்டி அதன் பாட்டுக்கு இருக்கிறது. கிளாடிஸ் அண்ணிக்கு ரத்த அழுத்தம் குறைந்ததா?

உங்கள் இன்டர்நெட் பத்திரமாக வந்து சேர்ந்தது. எங்களுக்கு வரும் கடிதங்களை மடத்துத் தலைவி மதர்தான் முதலில் பிரிப்பார். அவர் சீனர், தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. அதனால் உங்கள் கடிதத்தை ஒதுக்கிவிட்டு நேராகப் படத்துக்குப் போய்விட்டார். நத்தை இப்போது சாப்பாட்டறைச் சுவரில் இருக்கிறது. எங்களில் யார் நத்தை, யார் போர்வீரன் என்று மூன்று நாள் வழக்கு நடந்தது. எல்லாரும் சேர்ந்து என்னை நத்தையாக்கிவிட்டார்கள்.

மழை வீட்டுப் படத்தை மதர் நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, இந்தப் பெண் ஏன் ஒவ்வொரு கட்டத்திலும் கதவையே பார்க்கிறாள் என்று கேட்டார். நான் அதுவரை கவனிக்கவில்லை. புத்தகம் படிக்கும் கட்டத்திலும் அவள் கண் கதவில்தான் இருக்கிறது. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

நடாஷா இப்போதும் படம் வரைகிறாளா? சின்ன வயதில் கோயில் அறிவிப்புத்தாளின் பின்பக்கத்தில் பூனைகள் வரைந்து எனக்கு அனுப்புவாள். ஒன்றை இன்னும் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

ஜெபத்தில் உங்களை நினைக்கும்,
சவுந்தரம்

•

ஆயர் ஈத்தாம்
29 அக்டோபர் 2023

அன்புத் தங்கைக்கு,

இயேசுவுக்குப் புகழ். நாங்கள் நலம். நத்தைச் சகோதரிக்கு என் வணக்கம்.

நடாஷா வரைவதை எல்லாம் விட்டுவிட்டாள். மூன்று வருடத்துக்கு முன்னால் எட்டுப் பத்து நோட்டுப் புத்தகம் நிறைய வரைந்து வைத்திருந்தாள். பரீட்சை நேரம். இது சோறு போடாது என்று சொல்லி, பழைய பேப்பர் வாங்கும் லோரி வந்தபோது எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து ஒழுங்காக இருக்கிறாள். நான் எதிர்பார்த்த மாதிரி அழுது கலாட்டா செய்யவில்லை, அதுவரைக்கும் நல்ல பிள்ளை.

அக்டோபர் மாதம் முழுவதும் வீட்டில் ஜெபமாலை நடக்கிறது. அப்பா காலத்தில் எப்படியோ அப்படியே. யாராவது நடுவில் தடுமாறினால் முதல் மணியிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். போன வாரம் கிளாடிஸ் இரண்டு தரம் தடுமாறினாள். மூன்றாவது தரம் ஒழுங்காக வந்தது. கண்டிப்பு இருந்தால்தான் பக்தி இருக்கும்.

எங்கள் கல்யாணத்துக்கு வந்த நீலப்பூ போட்ட பீங்கான் தட்டுகள் உனக்கு ஞாபகம் இருக்கும். அதில் இரண்டு போய்விட்டன. கை தவறிவிட்டது.

இந்தத் தடவை மழை வீட்டில் ஒரு புது வேடிக்கை. அந்த ஆள் வீட்டுக்குள் வந்ததும் ஹெல்மெட்டை ஐஸ்பெட்டி மேல் கவிழ்க்காமல் மல்லாத்தி வைத்து, அதற்குள் சாவியையும் மூக்குக்கண்ணாடியையும் போடுகிறான். மழைத் தண்ணீர் ஹெல்மெட்டில் நிரம்பி, கண்ணாடி மிதக்கிறது. அப்படியே நான் செய்கிற வேலை. மோட்டார்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. கிளாடிஸிடம் காட்டினேன், அடுப்பில் வேலை இருக்கிறது என்று போய்விட்டாள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு என்பது கொஞ்சமும் கிடையாது. இதையும் சேர்த்து ஐந்து படம் வைத்திருக்கிறேன், மதரிடம் கொடு.

உன் அண்ணன்,
இராயப்பன்

•

மடம்
25 நவம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

சமாதானம். என் சுகத்துக்குக் குறைவில்லை. அண்ணியின் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீங்கள் எழுதவில்லை.

படங்கள் கிடைத்தன. இந்த முறை மதரிடம் கொடுக்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இரண்டு தட்டுகள் ஒரே நேரத்தில் கை தவறுமா? அப்போது நடாஷா எங்கே இருந்தாள்? அண்ணி எங்கே இருந்தார்?

வருகிற ஞாயிறு வந்தால் அதற்கடுத்த ஞாயிறு திருவருகைக்காலம். கிறிஸ்துமஸ் வரைக்கும் நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, தெரியும் உங்களுக்கு. அதனால்தான் இப்போதே கேட்டுவிட்டேன்.

சவுந்தரம்

•

ஆயர் ஈத்தாம்
27 டிசம்பர் 2023

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நாங்கள் நலம். கிளாடிஸும் நலம், இப்போது எழுதிவிட்டேன், திருப்திதானே?

நீ மடத்தில் இருக்கிறாயா, போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறாயா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தட்டு உடைந்தது ஒரு சின்ன விஷயம். வேலையிலிருந்து களைத்து வருகிறேன், சாப்பாடு ஆறிப்போயிருக்கிறது, ஒரு சத்தம் போட்டேன். எந்த வீட்டில் இல்லை? பத்து நிமிஷத்தில் நானே மறந்துவிட்டேன். நடாஷாதான் பெருக்கி அள்ளினாள். அப்புறம் எல்லாரும் சாப்பிட்டோம்.

ஒன்றை நீ மறந்துவிட்டாய். நீ மடத்துக்குப் புறப்பட்ட அன்று ஃபெர்ரியில் உனக்கு வாக்குக் கொடுத்தேன், நான் அப்பாவைப் போல இருக்க மாட்டேன் என்று. இருபத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் பெண்டாட்டி மேலும் பிள்ளை மேலும் ஒருநாளும் கை வைத்ததில்லை. பெல்ட்டை இடுப்பிலிருந்து கழற்றியதில்லை. அந்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று யாரிடமும் நெஞ்சைத் தட்டிச் சொல்வேன்.

சரி, நல்ல நாளில் இது போதும். புதுப் படங்கள் இரண்டு. ஒன்றில் அந்த வீட்டுக்காரர்கள் குடைக்கடியில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக மழையை எண்ணுகிறார்கள். ஒருத்தி எண்ணிக்கை தவறினால் எல்லாரும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். கடைசிக் கட்டத்தில் எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது, இன்னும் எண்ணுகிறார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஹாஃபிஸ் இதில் என்ன பாஸ் சிரிப்பு என்று கேட்டான்.

இன்னொன்று ஆலங்கட்டி மழை. அது அவ்வளவு நன்றாக இல்லை. கொஞ்சம் அதிகப்படி. அதற்கு நான் சிரிப்புமுகம் போடவில்லை.

உன் அண்ணன்,
இராயப்பன்

•

மடம்
8 ஜனவரி 2024

அன்பு மகள் நடாஷாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா அம்மா? இந்தக் கடிதம் உன் கடை முகவரிக்கு வருவதைப் பார்த்துப் பயப்படாதே. இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை.

ஆலங்கட்டி மழைப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வயதாகிவிட்டது எனக்கு. விழுகிறவை பனிக்கட்டிகள் இல்லை, தட்டின் துண்டுகள். ஒவ்வொன்றிலும் பாதி நீலப்பூ இருக்கிறது. அந்தத் தட்டில்தான் உன் பெற்றோரின் கல்யாண விருந்தில் எனக்குப் பங்கு எடுத்து மடத்துக்கு அனுப்பினார்கள். மழை எண்ணும் படத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஜெபமாலையை உன் தாத்தாவிடம் முதல் மணியிலிருந்து எத்தனையோ தடவை நானும் சொல்லியிருக்கிறேன்.

நீதான் வரைகிறாய் என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்று நீ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

உன் அத்தை,
சவுந்தரம்

•

ஜார்ஜ் டவுன்
24 ஜனவரி 2024

சிஸ்டர் அத்தைக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் நலம், அம்மா நலம். ஆறாம் வகுப்போடு எனக்குத் தமிழ் எழுதுவது நின்றுவிட்டது. பேசுகிற மாதிரிதான் எழுதுவேன், சிரிக்காதீங்க.

ஆமா. நான்தான். ஒவ்வொரு தடவையும் அப்பா அனுப்பச் சொல்லி நானே என் படத்த அச்சடிச்சு, கவர்ல போட்டு ஒட்டுவேன். ஒட்டும்போதெல்லாம் அத்தைக்குத் தெரிஞ்சிடுமான்னு பயமா இருக்கும். தெரியாமப் போயிடுமோன்னும் பயமா இருக்கும்.

அப்பா அடிக்க மாட்டாரு. அதுதான் பிரச்சனை அத்தை. அடிச்சா யார்கிட்டயாவது போய்ச் சொல்லலாம். சத்தம் போட்டாருன்னு யார்கிட்ட சொல்றது? கத்தி முடிச்சு பத்து நிமிஷத்துல அவரு சாதாரணமாயிடுவாரு, சாப்பாடு போடுன்னு உட்காருவாரு. எங்களுக்கு மறுநாள் வரைக்கும் ஈரம் காயாது. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் வரைய ஆரம்பிச்சேன்.

நாலாவது படம் போட்டப்ப கீழே அப்பா பேருல சிரிப்புமுகம் வந்திச்சு. அன்னைக்கு அவரு வீட்டுக்கு வந்து போனை எடுத்துக்கிட்டு நேரா என் பக்கத்துல வந்து உட்கார்ந்தாரு. "நடாஷா, இத பாரேன், என்னமா வரைஞ்சிருக்கான்"னு சொல்லிச் சிரிச்சாரு. அவரு தோளு என் தோள்ல பட்டுச்சு. எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா, நாங்க ரெண்டு பேரும் அப்படி உட்கார்ந்து. அதுக்கப்புறம் பாதிப் படம் பயத்துல வரைஞ்சேன், பாதி அப்பா சிரிக்கணும்னு வரைஞ்சேன். எது எதுன்னு எனக்கே இப்ப தெரியல.

இதைப் பார்த்து கோலாலம்பூர்ல ஒரு கேலிச்சித்திரக் கம்பெனில வேலை குடுத்திருக்காங்க. ஈஸ்டர் முடிஞ்சு மறுநாள், ஏப்ரல் ஒண்ணாந்தேதி போறேன். அப்பா வேலைக்குப் போன பிறகு கிளம்பிடுவேன். அம்மாவுக்குத் தெரியும். கூட வாங்கன்னு கூப்பிட்டேன், வர மாட்டேன்னுட்டாங்க.

நான் போன பிறகு நீங்க அப்பாகிட்ட சொல்லிடுங்க. எனக்குத் தைரியம் இல்லை. ஆனா அதுக்கு முன்னால சொல்லக் கூடாது. சத்தியமா.

நடாஷா

•

மடம்
4 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சமாதானம். தவக்காலத்தில் என்னிடமிருந்து கடிதம் வருவதைப் பார்த்ததும் ஏதோ நடந்துவிட்டது என்று நினைப்பீர்கள். இருபது நாளாக யோசித்து, மதரிடம் மண்டியிட்டு அனுமதி வாங்கி எழுதுகிறேன். முதலில் ஒரு இடத்தில் உட்காருங்கள்.

மழை வீட்டை வரைவது நடாஷா. அந்த வீடு உங்கள் வீடு. ஹெல்மெட் உங்களுடையது, தட்டு உங்களுடையது, எண்ணச் சொல்கிற ஆளும் நீங்கள்தான். உங்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. ஆலங்கட்டிப் படத்துக்கு மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாக்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீங்கள் கை வைத்ததில்லை, உண்மை. ஆனால் அண்ணே, அப்பா பெல்ட்டைக் கழற்றியது வருடத்துக்கு நாலைந்து நாள்தான். மற்ற நாளெல்லாம் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? அவர் சைக்கிள் மணிக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். இன்றைக்கு எப்படி வருவாரோ என்று அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என்னால் தாங்க முடியாமல் போனது அடி இல்லை, அந்தக் காத்திருப்புத்தான். அதை நீங்கள் அப்படியே உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். இதுவரை பாவசங்கீர்த்தனத்தில் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். எனக்குத் தேவ அழைத்தல் வந்தது என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அழைத்தல் பிறகு வந்தது. இருபது வயதில் கோயில் பெண்களோடு இந்த மடத்தைப் பார்க்க வந்தபோது, இங்கே யாருமே சத்தம் போட்டுப் பேசவில்லை. அதற்காகத்தான் முதலில் வந்தேன். கடவுள் நல்லவர், அப்படி வந்தவளையும் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஓடிவந்தவள்தான் நான்.

இப்போது உங்களிடம் சொல்லக் கூடாது என்று நடாஷா கேட்டுக்கொண்டதை மீறித்தான் இதை எழுதுகிறேன். இன்று நீங்கள் அவளைப் பார்த்துக் கத்தினால், அந்தப் பிள்ளை உங்களை மறுபடி பார்க்கவே மாட்டாள். எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அப்பாவின் சாவுக்கு நான் வரவில்லை. மடத்தில் விடவில்லை என்று உங்களிடம் சொன்னேன். நான் கேட்கவே இல்லை.

உங்கள் மேல் எனக்குள்ள பாசம் குறையவில்லை. அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்ற அண்ணன் நீங்கள்தான்.

சவுந்தரம்

•

மடம்
4 மார்ச் 2024

நடாஷா,

உன் அப்பாவுக்கு இன்று எழுதிவிட்டேன். உன்னைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். நீ போகும் நாளைச் சொல்லவில்லை. நீ போன பிறகு சொன்னால், அந்த மழை முழுவதும் உன் அம்மா ஒருத்தி தலையில் கொட்டும். அதை நினைத்துத்தான் செய்தேன். என் மேல் கோபப்பட உனக்கு உரிமை உண்டு.

அம்மாவுடனேயே இரு. ஆபத்தென்று தோன்றினால் தேதி வரை காத்திருக்காதே.

அத்தை

•

ஜார்ஜ் டவுன்
22 மார்ச் 2024

அத்தைக்கு,

நீங்க செஞ்சது எனக்கு ரொம்பக் கோபம். அதை முதல்ல சொல்லிடுறேன்.

உங்க கடிதத்தை அப்பா சாப்பாட்டு மேசையிலயே படிச்சாரு. மடிச்சு சட்டைப்பைல வச்சுக்கிட்டு மறுபடி வண்டிய எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாரு. நானும் அம்மாவும் பாஸ்போர்ட்டு, துணி எல்லாம் ஒரு பையில எடுத்து வச்சிட்டு உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்து பேசாம படுத்துட்டாரு. பன்னெண்டு நாளாச்சு. ஒரு வார்த்தை இல்ல. ஜெபமாலைக்குக் கூப்பிடறதில்ல. என் படத்துக்குக் கீழ எதுவும் போடறதில்ல. சத்தம் போட்டாருன்னா முடிஞ்சதுன்னு இருக்கலாம். இப்ப எப்ப வரும்னே தெரியல. அம்மாவுக்கு மறுபடி பிரஷர் ஏறிடுச்சு.

வரைய உட்கார்ந்தா கை வரல. எதுக்காகச் சொன்னீங்க அத்தை?

நடாஷா

•

ஆயர் ஈத்தாம்
14 ஏப்ரல் 2024

அன்புத் தங்கை சவுந்தரத்துக்கு,

இயேசுவுக்குப் புகழ். உன் சுகத்தை விசாரிக்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதல் வாரம் உன் மேல்தான் கோபம். முப்பது வருடம் உன்னைப் பற்றி யாரைப் பார்த்தாலும் பெருமை பேசியவன் நான். உனக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் நான் செய்தது தப்பில்லை என்றுதான் எழுதியிருந்தேன்.

இரண்டாவது வாரம் ஒருநாள், ஃபெர்ரியில் திரும்பும்போது எல்லாப் படங்களையும் முதலிலிருந்து பார்த்தேன். அறுபத்திரண்டு. சோறு போட்டவனை ஊர் சிரிக்க வைத்திருக்கிறாள் என்றுதான் அப்போதும் தோன்றியது. இரண்டு பேரும் வீட்டில் என்னைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று, கோப்பிக்கடை முனையிலேயே மோட்டாரை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம். நடாஷாவின் குரல் தெரிந்தது. இன்னொரு பெண் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ பக்கத்து வீட்டு அம்மா வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது கிளாடிஸ் என்று புரிந்தது. என் பெண்டாட்டியின் சிரிப்பு எனக்கு அடையாளம் தெரியவில்லை, சவுந்தரம். என்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பாசாரில் மீன்காரன் ஏதோ சொன்னானாம், அதற்குத்தான் அப்படிச் சிரித்தார்கள். நகைச்சுவை உணர்வே கிடையாது என்று அவளைப் பற்றி உனக்கு எழுதினேனே. சாவி பூட்டில் பட்ட சத்தத்துக்கே உள்ளே எல்லாம் நின்றுவிட்டது. நான் உள்ளே போய்ச் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு பேச எனக்குப் பயமாகிவிட்டது. வாயைத் திறந்தால் எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதானே.

பெரிய வெள்ளி அன்று கோயிலிலிருந்து வந்து, அவள் முதன்முதலில் போட்ட படத்துக்குக் கீழே என் பெயரிலேயே எழுதினேன். "இந்த வீட்டு அப்பா நான்தான். வரைந்தது உண்மை." மலாயில் எழுதினேன், எல்லாருக்கும் புரியட்டும் என்று. ஹாஃபிஸ் பார்த்திருக்கிறான். தொழிற்சாலையில் எத்தனை பேர் பார்த்தார்கள் தெரியாது. யாரும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஈஸ்டர் அன்று மாலை நடாஷா குசினி வாசலில் நின்றுகொண்டு, நாளைக்குக் கோலாலம்பூர் போகிறேன் என்றாள். சொல்லாமல் போக இருந்தாள் என்று பிறகு கிளாடிஸ் சொன்னாள். நான் லீவு போட்டு, ஹாஃபிஸின் காரை வாங்கி, பட்டர்வொர்த் பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். பஸ் ஏறுவதற்கு முன்னால்தான் சொன்னாள்.

"அப்பா, இனிமே அத வரைய மாட்டேன். ஆனா இருக்கிறத அழிக்கவும் மாட்டேன்."

"அழிக்காத" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அதற்குள் பஸ் கதவைச் சாத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுகிறாள். என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் அம்மாவிடம் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டாளாம்.

இப்போது வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் மாறிவிட்டேன் என்று கிளாடிஸுக்குக் காட்ட வேண்டும் என்று, நடாஷா போன நாளிலிருந்து தினமும் கோப்பிக்கடை முனையிலேயே வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். கதவையும் சத்தமில்லாமல் திறந்தேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று எனக்குள் ஒரு திருப்தி. போன வியாழக்கிழமை சோறு போடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கிளாடிஸ் சொன்னாள்.

"ஏங்க, வண்டிய அப்படி அணைச்சிட்டு வராதீங்க. சத்தம் கேட்டாத்தான் நான் கொஞ்சம் ரெடியா இருக்க முடியும்."

கோபமாகச் சொல்லவில்லை. கறியில் உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி சொன்னாள். நான் சாப்பிட்டுவிட்டு, சிகரெட் வாங்க வேண்டும் என்று பொய் சொல்லிக் கீழே போய், வண்டி மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாளிலிருந்து சத்தத்தோடுதான் வருகிறேன். முனை திரும்பியதும் ஹோர்ன் ஒரு தரம் அடிக்கிறேன். வண்டியை நிறுத்திவிட்டு உடனே மேலே ஏறுவதில்லை. அவளுக்கு நேரம் கிடைக்கட்டும் என்று கீழேயே கொஞ்சம் நிற்கிறேன்.

எனக்காக ஜெபி. அவளுக்காக அதற்கு முன்னால் ஜெபி. முட்டியைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
இராயப்பன்